போர்ச்சில் கார் லிஃப்ட்: மகளுக்கு அப்பா எழுதுவது

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களையும் விலைப்பட்டியலையும் பார்த்தேன். செத்தாப்பாக் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் போர்ச்சில் இரண்டு தூண் லிஃப்ட் போட்டு, பழைய சாகா காரை நீயே கழற்றிப் பூட்டப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். வண்டியில் நீயே கை வைப்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் இரண்டு தூண் வேண்டாம்மா. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் தரையைப் பார். இரண்டு தூண் லிஃப்டில் வண்டியின் முழு எடையும் இரண்டு அடித்தகடுகள் வழியாகத்தான் கீழே இறங்கும். லிஃப்டின் கைகள் நீண்டு வண்டியைத் தூக்கும்போது தூண்கள் உள்பக்கம் சாயப் பார்க்கும். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது தரையில் இறக்கிய போல்ட்டுகள் மட்டுமே. அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் குறைந்தது 4 அங்குல கனமும், சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு தாங்கும் வலுவும் உள்ள கான்கிரீட் கேட்கிறார்கள். பட்டறைத் தரையை அதற்கென்றே ஊற்றுவார்கள். வரிசை வீட்டுப் போர்ச் அப்படியில்லை. நிரப்பிய மண்மேல் ஊற்றிய தளம், நாளாக ஆக மண் உள்வாங்கும், தளமும் கூடவே இறங்கும். எந்தத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, போனாலும் வாசல் படிக்கும் போர்ச்சுக்கும் நடுவே அந்த விரிசலைப் பார்க்கலாம். உன் படத்திலும் இருக்கிறது, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் டைல்ஸ் பிளந்து ஒரு விரல் நுழையும் அளவுக்கு. விரிசலுக்குப் பக்கத்தில் போல்ட் இறக்கவே கூடாது. டைல்ஸ் மேலேயும் கூடாது.

முறையாகச் செய்வதென்றால் உடைத்து, பி.ஆர்.சி. எனும் இரும்புக் கம்பி வலை போட்டு, புதிதாகக் கான்கிரீட் ஊற்றி, அது முழு வலு பெற 28 நாள் காத்திருக்க வேண்டும். தோண்டுவதற்கு முன் கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது, நகராண்மையில் அனுமதி வேண்டுமா என்றெல்லாம் பார்க்க வேண்டும். இத்தனையும் செய்து முடித்தாலும் உயரம் இடிக்கும். சாகா ஏறக்குறைய நாலரை அடி. கீழே நீ நிமிர்ந்து நிற்க இன்னும் ஐந்தரை அடி. உன் போர்ச் பீம் ஒன்பதரை அடியில் இருக்கிறது. நிற்க முடியாத லிஃப்டுக்கு எதற்கு இத்தனை செலவு?

மாப்பிள்ளை சொன்ன நாலு தூண் லிஃப்ட் நல்ல சாமான்தான். எடை நாலு மூலைக்கும் பிரிந்துவிடும். ஆனால் வண்டி டயரோடு பலகைமேல் நிற்கும், பிரேக் வேலை செய்ய நடுவில் தனியாக ஒரு ஜாக் வைத்துச் சக்கரத்தைத் தூக்க வேண்டும். அப்புறம் உன் இன்னொரு கார் மைவியை எங்கே நிறுத்துவாய்? நடுவில் மடங்கும் கத்திரி லிஃப்ட் வண்டியின் அடிவயிற்றை மறைத்துவிடும்.

என் யோசனை, வண்டியின் இரு பக்கமும் தள்ளி வைக்கும் ஜோடிச் சட்ட லிஃப்ட். ஒன்றரை அடி, இரண்டடிதான் தூக்கும். படுத்துக்கொண்டோ முக்காலியில் உட்கார்ந்தோ செய்ய வேண்டும். பிரேக், அப்சார்பர், டிரைவ் ஷாஃப்ட், சைலன்சர் எல்லாவற்றுக்கும் அது போதும். போல்ட் வேண்டாம், வேலை முடிந்ததும் சுவரில் சாய்த்துவிட்டு மைவியை உள்ளே விடலாம். அதற்கும் விரிசல் இல்லாத, மட்டமான தரை வேண்டும். தண்ணீர் ஓடுவதற்காக உன் போர்ச் கேட் பக்கம் சரிகிறது, ரசமட்டம் வைத்துப் பார்த்து எவ்வளவு சரிவு என்று எழுது.

இதில் இரண்டு விஷயத்தைக் கடையில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். உன்னுடைய முதல் தலைமுறைச் சாகாவின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், 2,380 மில்லிமீட்டர்தான். பெரிய வண்டிக்குச் செய்த சட்டத்தை வாங்கினால் அதன்மேல் வைக்கும் ரப்பர்க் கட்டை வண்டியின் தூக்கும் இடத்துக்கு நேராக வராது. அந்த இடம் கதவுக்குக் கீழே உள்ள கெட்டித் தகட்டு விளிம்பு. கொஞ்சம் தள்ளிப்போனாலும் தகடு நசுங்கிவிடும், பழைய வண்டியில் உள்ளே துரு இருந்தால் கட்டை பொத்துக்கொண்டே போகும். இன்னொன்று, சட்டம் எழும்பும்போது வண்டி நேர் மேலே போகாது, வளைந்து முன்னாலோ பின்னாலோ நகரும். கேட்டுக்கும் பம்பருக்கும் நடுவே இடம் விடு.

மோட்டார் நம் ஊர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு உரியதா என்று தகட்டில் படித்துப் பார். அமெரிக்காவுக்குச் செய்த 60 ஹெர்ட்ஸ் மோட்டார் இங்கே மெதுவாகச் சுற்றும், சூடேறும். எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனை வைத்துத் தனி லைன் இழு. பெட்டியில் ஐரோப்பிய விதிகளுக்கு ஒத்தது என்று காட்டும் சிஇ ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை மட்டும் நம்பாதே. ஐரோப்பாவில் வாகன லிஃப்டுக்கு உள்ள தரம் இ.என். 1493. அந்த எண் எழுதிய சான்றிதழைக் கேட்டு வாங்கு.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "வண்டி மேலே விழுந்துடாதா?" என்பதுதான். அவள் பயம் சரியானது. எண்ணெய் அழுத்தத்தை நம்பி யாரும் கீழே போகக்கூடாது, ஹோஸ் ஒன்று வெடித்தால் போதும். ஒரு சாண் தூக்கியதும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து வண்டியை ஆட்டிப் பார். ஆடாமல் நின்றால் மேலே ஏற்று. லிஃப்டின் பாதுகாப்புப் பூட்டு விழுந்ததோடு நின்றுவிடாதே. மெதுவாக இறக்கி, வண்டியின் எடை இரும்புப் பூட்டில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார். இரண்டு பக்கமும் குனிந்து பார். ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் உட்காராமல் இருப்பதைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். அதன் பிறகுதான் கீழே போக வேண்டும். பிள்ளைகள் அப்போது வீட்டுக்குள் இருக்கட்டும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த மாடலின் கையேட்டை எனக்கு அனுப்பு. சட்டத்தின் நீளத்தையும் தூக்கும் இடங்களின் அளவையும் பார்த்துச் சொல்கிறேன். சாமான் வந்து இறங்கியதும் நானும் அம்மாவும் பட்டர்வொர்த்தில் ஈடிஎஸ் ரயில் ஏறி வருகிறோம். முதல் தடவை தூக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா