எல்லாத்துக்கும் ‘எரிபொருள் கோளாறு’ன்னே போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

விமானத்துக்கு எதாச்சும் ஆச்சுன்னா பேப்பர்லயும் சரி டிவிலயும் சரி ‘எரிபொருள் கோளாறு’ன்னு ரெண்டே வார்த்தைல முடிச்சர்றீங்க, அதை படிச்சுப்போட்டு டீக்கடைல என்னைய புடிச்சுக்கறாங்க, ஏனுங்ணா பெட்ரோல் தீந்து போச்சாமா, கலப்படமாமான்னு. நான் ஏர்போர்ஸ்ல கிரவுண்ட் வேலைல இருந்து ரிட்டயர்டு ஆயி இப்ப சூலூர்ல இருக்கறனுங்க. மொதல்ல அது பெட்ரோலே இல்லைங்க. பெரிய ஜெட்டுக்கு ஊத்தறது ஜெட் ஏ-1, நல்லா சுத்தம் பண்ணுன மண்ணெண்ணெய் ஜாதி.

அந்த எண்ணெய் பெரும்பாலும் றெக்கைக்குள்ளதான் இருக்கும், பெரிய விமானம்னா நடு வயித்துலயும் ஒரு டேங்க். டேங்க் அடியில எண்ணெய்க்குள்ளயே முங்கி பூஸ்டர் பம்ப் இருக்குது, நம்ம போர்ல எறக்கற சப்மெர்சிபிள் மோட்டாராட்டமே, சுத்தி இருக்கற எண்ணெய்தான் அதுக்கு கூலிங். அங்கிருந்து வால்வு, எண்ணெய சூடாக்கற ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஃபில்டர், எஞ்சின்லயே இருக்கற ஹை பிரஷர் பம்ப்னு தாண்டி எஞ்சினுக்குள்ள பீச்சியடிக்கற நாசிலுக்கு போவுது. இத்தனைல எது கெட்டாலும் உங்களுக்கு ‘எரிபொருள் கோளாறு’ தான், ஆனா ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்லைங்க.

எங்களுக்கு பெரிய எதிரி தண்ணி. டேங்க்குக்குள்ள போற காத்துல இருக்கற ஈரம் குளுந்து தண்ணியா அடியில தங்கிரும். அதனால காலைல டேங்க் அடியில இருக்கற டிரெய்ன்ல கண்ணாடி ஜார்ல கொஞ்சம் புடிச்சு வெளிச்சத்துல தூக்கி பாப்போம், தண்ணி கனமில்லீங்களா, அடியில முத்து முத்தா உருளும். கண்ணுக்கு தெரியாம கலந்திருக்கறதுக்கு சிரிஞ்சு முனைல ஒரு சின்ன கேப்சூல் மாட்டி எண்ணெய இழுப்போம், மஞ்சளா இருக்கற கேப்சூல் பச்சையா மாறுச்சுன்னா அந்த எண்ணெய ஊத்தக்கூடாது, அவ்ளோதான், யாரு வந்து அவசரம்னு கத்துனாலும் சரி. தண்ணி தங்குன எடத்துல பூஞ்சை வேற புடிக்கும், பழுப்பா வழவழன்னு, அது ஃபில்டரையும் அடைச்சுப்போடும், எண்ணெய் அளவு காட்டற கேஜையும் கொழப்பிரும்.

2008 ஜனவரி 17ல பெய்ஜிங்ல இருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777 ஹீத்ரோ ரன்வேக்கு முன்னாடியே எறங்குச்சு பாருங்க, அதுல எண்ணெயும் தீரலை, எண்ணெய் உறையவும் இல்லை. ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரி வரைக்கும் உறையாது, அன்னைக்கு மைனஸ் 34 தான். எண்ணெய்ல எப்பவும் இருக்கற துளி தண்ணி பைப்புக்குள்ள ஐசா ஒட்டியிருந்து, மொத்தமா பேந்து போயி ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயை அடைச்சுருச்சு. யாரும் சாகலை, அந்த பார்ட்டோட டிசைனையே அப்பறம் மாத்துனாங்க.

நெஜமாவே தீந்து போனதும் உண்டுங்க. 1983ல ஏர் கனடா 767ல கேஜ் வேலை செய்யலை, லிட்டரை எடையாக்கற கணக்குல கிலோவுக்கு பதிலா பவுண்டு நம்பரை போட்டுட்டாங்க, 22,300 கிலோ வேண்டிய எடத்துல பாதிகூட இல்லை. 2001ல ஏர் டிரான்சாட் ஏ330ல பைப் ஒரசி லீக், அது தெரியாம ரெண்டு பக்கமும் சமமாகட்டும்னு, ரெண்டு பக்க எண்ணெயையும் இணைக்கற கிராஸ்ஃபீட் வால்வை தெறக்க, நல்ல பக்கத்து எண்ணெயும் லீக்குக்கே போச்சு. ரெண்டுமே எஞ்சின் இல்லாம மெதந்து வந்து எறங்குன விமானங்க, அந்த பைலட்டுகளுக்கு கும்பிடு போடணும்.

2025 ஜூன்ல அகமதாபாத்ல நடந்த ஏர் இந்தியா விபத்து இதுல எதுலயும் சேர்றதா மொதல்கட்ட ரிப்போர்ட் சொல்லலை. அந்த ரிப்போர்ட்ல, பவுசர்ல (எண்ணெய் ஊத்தற லாரி) இருந்து எடுத்த சாம்பிள் நல்லாத்தான் இருந்துச்சுன்னும், ரெண்டு எஞ்சினோட ஃபியூயல் சுவிட்சும் ஒரு செகண்ட் வித்தியாசத்துல கட்ஆஃபுக்கு, அதாவது எண்ணெய நிறுத்தற பக்கத்துக்கு, போயிருக்குன்னும் இருக்குது. ஏன் போச்சுன்னு அதுல முடிவா சொல்லலை. அப்பறம் ‘கலப்பட எரிபொருளா?’ன்னு கேள்விக்குறி போட்டு செய்தி வந்தா என்னங்க அர்த்தம், செத்தவங்க குடும்பமும் பைலட் குடும்பமும் அதை படிக்கறாங்கள்ல.

இன்னொன்னு, மழை மேகம்னு கோயமுத்தூர்ல எறங்க முடியாம கொச்சிக்கோ பெங்களூருக்கோ திருப்புனா அதுவும் ‘எரிபொருள் தீர்ந்ததால் பரபரப்பு’ன்னு வருதுங்க. மாத்து ஏர்போர்ட்டுக்கு போற அளவும், அதுக்கு மேல அரை மணி நேரம் வட்டம் போடற அளவும் வெச்சுட்டுத்தான் கெளம்பவே விடுவாங்க. பைலட் ‘மினிமம் ஃபியூயல்’னு சொன்னா இனி லேட் பண்ணாதீங்கன்னு மட்டும்தான், எறங்கறப்ப அந்த அரை மணி கணக்குலயே கை வெக்கற நெலமை வந்தாத்தான் ‘மேடே ஃபியூயல்’. அடுத்த தடவை ரெண்டுல எதை சொன்னாங்கன்னு உங்க நிருபரை கேட்டு எழுத சொல்லுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை டெக்னீஷியன், சூலூர்