மீதி 60 சதுர அடிக்கும் ஒரு வரைபடம் கொடுங்கள்

டெல்டா மாவட்டங்களின் ஊரக வளர்ச்சித் துறைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். வேதாரண்யம் பக்கம் கொத்து வேலை, தச்சு வேலை இரண்டையும் எடுத்துச் செய்யும் மேஸ்திரி நான். 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறீர்கள். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். அந்த 300 அடியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஓலைக்குக் கீழே படுத்தவர்களுக்கு ஒழுகாத தளம் கிடைக்கிறது. அது அவர்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது. நான் கேட்க வந்தது மீதி 60 அடியைப் பற்றி. கூடவே, குடிபோன மறு வருஷமே கொல்லையில் முளைக்கும் சமையல் கொட்டகையையும், மகனுக்குக் கல்யாணம் ஆனதும் இறக்கும் சாய்ப்பு அறையையும் பற்றி.

இவை எல்லாம் மரத்தில்தான் நிற்கின்றன. சவுக்குக் கம்பத்தைக் குழி தோண்டி நட்டு, மேலே மூங்கிலைக் கட்டி, தகரத்தை அடித்துவிடுகிறோம். சுற்றிலும் கீற்றுத் தட்டி. இதற்கு வரைபடம் கிடையாது, அளவு கிடையாது, வந்து பார்க்க ஓவர்சியரும் கிடையாது. ஆனால் சனங்கள் பாதி நாள் புழங்குவது இதற்குள்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது. விடிந்து போய்ப் பார்த்தால், விழுந்த கொட்டகைகளில் மரம் நடுவில் முறிந்தது கொஞ்சம்தான். கம்பம் மண்மட்டத்தில் இற்றுப்போயிருந்த இடத்தில் ஒடிந்திருந்தது. இற்றுப்போகாத கம்பங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தன, தீப்பெட்டியின் மேலட்டையை விரலால் தள்ளினால் படுப்பது போல. கூரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. மரத்தை நம்பியதால் வந்த கேடு இல்லை இது. மரத்தைச் சேர்க்கத் தெரியாததால் வந்தது.

அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் சாதாரணக் குடும்பங்களின் வீடுகளுக்குப் பெரும்பாலும் மரச் சட்டச் சுவர்தான். கீழே ஒரு சட்டம், மேலே ஒரு சட்டம், இரண்டுக்கும் நடுவே 40 அல்லது 60 சென்டிமீட்டருக்கு ஒரு செங்குத்துக் கால். ஜன்னல், கதவு வரும் இடத்தில் மேலே குறுக்கு உத்திரம். அதன் பாரத்தை வாங்க இரு பக்கமும் கூடுதல் கால். தரையில் படுக்கவைத்து முழுச் சுவரையும் அடித்து, நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்திவிடலாம். நம் ஊர்த் தச்சர் யாருக்கும் இதில் புரியாதது ஒன்றும் இல்லை. நிலைக்கதவு செய்கிற கை அது.

ஆனால் இந்தச் சுவரும் வெறும் சட்டமாக இருக்கும்வரை காற்றில் சாயத்தான் செய்யும். மூலைக்கு மூலை சாய்வுக்கட்டை கொடுக்க வேண்டும், அல்லது பிளைவுட் பலகையை ஒவ்வொரு காலோடும் நெருக்கமாக ஆணியடிக்க வேண்டும். அடித்த பிறகு மேல்மூலையில் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பாருங்கள், அசையாது.

இன்னொன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். அடிச்சட்டத்துக்குக் கீழிருந்து காலுக்குள் அடிக்கும் ஆணி, காலின் வெட்டுமுகத்தில் இழைப்போக்கிலேயே இறங்குகிறது. கூரையைக் காற்று மேலே தூக்கும்போது அந்த ஆணி சுலபமாக உருவிக்கொண்டு வந்துவிடும். அதே இடத்தில் துத்தநாகம் பூசிய தகரப் பட்டையை வளைத்து, காலின் பக்கவாட்டில் ஆணியடித்தால், ஆணியை வளைக்காமலோ அறுக்காமலோ காற்றால் பிரிக்க முடியாது. கூரையைத் தாங்கும் கைமரத்திலிருந்து மேல்சட்டத்துக்கு ஒரு பட்டை, மேல்சட்டத்திலிருந்து காலுக்கு ஒன்று, காலிலிருந்து அடிச்சட்டத்துக்கு ஒன்று. அடிச்சட்டத்தை, அடித்தளத்தின் மேல் சுற்றிலும் போடும் கான்கிரீட் பெல்ட்டில் முன்பே பதித்த போல்ட்டில் இறுக்க வேண்டும். இந்தச் சங்கிலியின் நடுவில் ஒரு கண்ணி விட்டாலும் மற்றவை வீண். 1992-ல் ஆண்ட்ரூ புயல் புளோரிடாவைத் தாக்கியபோது, பல வீடுகளில் கூரைப் பலகைக்கு அடித்த பிடிமானங்கள் சட்டத்தில் இறங்காமல் தவறியிருந்தன. அதன் பிறகுதான் அங்கே விதிகள் இறுகின.

தீயைச் சொல்வீர்கள். சொல்லத்தான் வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். தீ கீற்றுக் கூரையில் ஏறியது. அதை மறந்துவிட்டு இந்தப் பகுதியில் யாரும் கொட்டகை பற்றிப் பேசக் கூடாது. நான் கேட்கும் சுவரில் ஓலை கிடையாது. உள்பக்கம் சிமென்ட் போர்டு, கால்களுக்கு நடுவே தீ மேலேறாதபடி குறுக்குக்கட்டை, மேலே தகரம் அல்லது ஓடு. அடுப்படிப் பக்கச் சுவரைச் செங்கல்லிலேயே கட்டச் சொல்லுங்கள். இன்றைக்கு அங்கே இருப்பது கீற்றுத் தட்டியும் அதை ஒட்டி விறகடுப்பும்.

கரையானுக்கும் வழி உண்டு. கம்பத்தை மண்ணில் நடாமல் தரைமட்டத்துக்கு மேலே பெல்ட்டில் நிறுத்துவதே பாதி வேலையை முடித்துவிடும். கரையான் ஏறினாலும் கண்ணில் படும். அடிச்சட்டத்துக்குக் கீழே தார் ஷீட். புதிதாக அறுத்த பச்சை மரத்தைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கலாம். மழையில் கரைந்துவிடும் என்பதால் அந்த மரத்தை வெளிச்சுவர் மூடியிருக்க வேண்டும். பனை வைரம் பாய்ந்து உறுதியாக இருந்தாலும் வெட்ட ஆட்சியர் அனுமதி தேவை, அது நல்ல விதி, பனையை விட்டுவிடுவோம். சவுக்கு நம் கடற்கரை மணலில் விளைகிறது. ஆணியடித்தால் பிளக்கும், அதனால் முன்கூட்டியே துளை போட வேண்டும். வேம்பும் தேக்கும் வாய்ப்புள்ளவர்களுக்கு.

களிமண் நிலத்துக்கும் இந்தச் சுவர் பொருந்தும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து மழையில் உப்பும் மண் மீது செங்கல் சுவர் விரிசல் விடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மரச் சட்டச் சுவர் செங்கலைப் போல விறைப்பாக இல்லாமல், மண்ணின் அசைவுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

சட்டத்தில் இடமில்லாத ஒன்றை நான் கேட்கவில்லை. 2016-ன் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் மரத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையும் தன் கட்டடங்களில் மரத்துக்கு இருந்த தடையை 2020-ல் நீக்கிவிட்டது.

எனவே ஒரே ஒரு மாதிரி வரைபடம் தயாரித்துக் கொடுங்கள். பத்தடிக்குப் பத்தடி அறை: காலின் கனம், இடைவெளி, சாய்வுக்கட்டை, ஒவ்வொரு மூட்டிலும் எத்தனை ஆணி, எங்கே பட்டை, எங்கே போல்ட். தமிழில், படத்தோடு, ஒன்றிய அலுவலகச் சுவரில் ஒட்டும் அளவில். கனவு இல்லத்துக்கு அடித்தளம் போடும்போதே கொல்லைப்பக்கப் பெல்ட்டில் நாலு போல்ட் பதித்துவைக்க அனுமதியுங்கள். பின்னால் சாய்ப்பு இறக்குகிறவர் அதில் பிடித்துக்கொள்வார். நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை, தஞ்சாவூரில் ஐ.டி.ஐ. தச்சுப் பிரிவு மாணவர்களை வைத்து ஆளுக்கொரு சுவர் எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முதல் சுவர் நிற்குமானால், அடித்துக் காட்ட நானும் எங்கள் பக்கத்து ஆசாரிகளும் கூலியில்லாமல் வருகிறோம்.

இப்படிக்கு,
வேதாரண்யம் வட்டத்து மேஸ்திரி ஒருவர்