கண்ணில் விழுந்த பூவையும் படம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த நுண்ணோக்கிப் படங்களை வீட்டில் மாறி மாறி வாங்கிப் பார்த்தோம். பட்டாம்பூச்சிச் சிறகில் செதில்கள் ஓடு வேய்ந்தது போல அடுக்கியிருந்தது அவ்வளவு அழகு. அதே பக்கத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து நோய்களின் படமும் வர வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் களத்தில் நெல் தூற்றும்போது அம்மாவின் கண்ணில் சுணை விழுந்துவிட்டது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை ஊற்றினோம். இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. அப்புறம் கருவிழியில் பூ விழுந்தது. மதுரைக்குக் கூட்டிப் போவதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது.

அங்கே புண்ணைச் சுரண்டி ஸ்லைடில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார்கள். அது கண்ணின் செல்களைக் கரைத்துவிடும். புண்ணில் பூஞ்சை இருந்தால் அது மட்டும் அப்படியே நிற்கும். "அண்ணே, நீங்களே பாருங்க" என்று லேபில் இருந்த பெண் நகர்ந்து இடம் விட்டார். மூங்கில் கிளை மாதிரி, கணுக் கணுவாய்ப் பிரிந்து ஓடும் நூல்கள். அம்மாவின் கண்ணுக்குள் ஒரு புதரே இருந்தது. நாங்கள் ஊற்றியது ஸ்டீராய்டு. சிவப்பைக் குறைக்கும், ஆனால் உடம்பின் எதிர்ப்பை அடக்கிப் பூஞ்சைக்கு வழி விட்டுவிடும். கண் தப்பியது, பார்வை பாதிதான் மிச்சம்.

மதுரைக்குப் பூஞ்சை நோய் புதிதில்லை. வெறுங்காலில் முள் குத்தி, வருஷக்கணக்கில் வீங்கி, புண்ணிலிருந்து குருணை குருணையாக வடியும் நோயை 1842இல் மதுரையில் இருந்த கில் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். உலகம் முழுக்க மருத்துவர்கள் இன்றும் அதை 'மதுரைக் கால்' என்றுதான் சொல்கிறார்கள். அதற்குக் காரணமான ஒரு பூஞ்சைக்கே மதுரெல்லா என்று பெயர். அந்தக் குருணையையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாக வேண்டும். நூல் தடித்திருந்தால் பூஞ்சை, ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்திருந்தால் பாக்டீரியா. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

இந்த இரண்டு படங்களையும் தை அறுப்புக்கு முன்னால் போடுங்கள். கூடவே, கண்ணில் சுணை பட்டால் டாக்டர் பார்க்காமல் எந்தச் சொட்டும் ஊற்றாதீர்கள் என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. எங்கள் ஊர் டீக்கடையில் உங்கள் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
வாடிப்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.