தவளைச் சுவர்

செல்வம்,

நீ அனுப்பிய படம் வந்தது. ஒரு வரிகூட எழுதவில்லை. ஆஸ்டினில் ஏதோ தவளை வரைந்த சுவருக்குக் கீழே நிற்கிறாய். இளைத்துவிட்டாய், தாடி வேறு. நேரத்துக்குச் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு.

‘ஹாய், ஹவ் ஆர் யூ’ என்று சுவரில் இருக்கிறதே, என்னவென்று சின்னவளிடம் கேட்டேன். டேனியல் ஜான்ஸ்டன் என்கிற பாட்டுக்காரர் 1993இல் வரைந்ததாம். அவரைப் பற்றிய படத்தையும் போட்டுக் காட்டினாள். இரண்டு தடவை பார்த்தேன். மெக்டொனால்ட்ஸில் மேஜை துடைத்த மனுஷன், தான் பாடிய கேசட்டைக் கண்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்திருக்கிறார். பிரதி எடுக்க வசதியில்லாத காலத்தில், ஒவ்வொரு ஆளுக்கும் முதலிலிருந்து திரும்பப் பாடிப் பதிந்தாராம். 1992இல் பெரிய ராக் பாடகர் கர்ட் கோபேன் அந்தத் தவளை போட்ட பனியனோடு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நீயும் தெருப் பிள்ளைகளுக்குப் பாடிப் பதிந்து கொடுத்தவன்தானே. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வேலையை விட்டதைச் சித்தப்பா மூலம் தெரிந்துகொள்ள வைத்தாய் பார், அது வேறு.

1990இல் ஜான்ஸ்டன் ஆஸ்டினில் பாடிவிட்டு அப்பாவின் சின்ன விமானத்தில் ஊர் திரும்பும்போது, சாவியைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டார். மனநோய்க்கான மாத்திரையை நிறுத்தியிருந்த சமயம். அப்பா பழைய ராணுவ விமானி, மரங்களின் மேலே இறக்கி இருவரும் பிழைத்தார்கள். எனக்கு டிவிஎஸ் 50 தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது ராசா. அதற்காகச் சொல்லவில்லை. ராத்திரி கண் விழிக்காதே.

பெரியத்தை வீட்டு வளைகாப்பு நல்லபடி முடிந்தது.

ஜான்ஸ்டனின் அம்மா திட்டுவதும் அந்தக் கேசட்டில் கேட்கிறது. அந்த இடத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். உன் கேசட்டில் நான் உபன்யாசம் பதிந்தது கைதவறி நடந்ததல்ல. அட்டையில் உன் எழுத்தைப் படித்துவிட்டுத்தான் பட்டனை அமுக்கினேன். பரீட்சைக்குப் படிக்காமல் பாடிக்கொண்டிருக்கிறானே என்ற கோபம். உங்கம்மா சாப்பிடக் கூப்பிட்ட குரல் அதில் இருந்தது என்று நீ அழுதபோதும் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் நம் வீட்டில் நீ பாடவில்லை. சனியன் விட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஜான்ஸ்டன் கடைசிவரை டெக்சாஸில், வாலர் என்ற ஊரில்தான் இருந்தார். 2019இல் போனபோது 58 வயது. பல வருஷம் அப்பா அம்மாதான் பார்த்துக்கொண்டார்கள். உன் அறையில் ஃபேன் மாற்றியிருக்கிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போனைக் கையில் வைத்திருப்பேன், உனக்குச் சனிக்கிழமை ராத்திரி. பேசத் தோன்றாவிட்டாலும் அடி.

அப்பா