சிம்மக்கல் மாஸ்டர் கடை பீட்சா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரைச் சாப்பாடு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். கறிதோசை, பன் பரோட்டா, பருத்திப்பால், ஜிகர்தண்டா என்று நிறைய எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் பேக்கரி பீட்சா பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தக் கடை. பலகையில் ஏதோ ஒரு பேர் இருக்கும், அதை யாரும் சொல்ல மாட்டோம். எங்களுக்கு அது மாஸ்டர் கடை. அப்பா செல்லூரில் தறி ஓட்டினார். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு யானைக்கல் தரைப்பாலத்தில் நடப்பார். வைகையில் தண்ணீர் கூடுதலாக வந்தால் தரைப்பாலம் முங்கிவிடும். அந்த வாரம் கோரிப்பாளையம் போய் 1889-இல் திறந்த ஏ.வி. பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவோம். போகாமல் மட்டும் இருந்ததில்லை.

நான் சொல்வது 1994, 95 சமயம். டோமினோஸ் இந்தியாவில் முதல் கடை திறந்ததே 1996-இல், அதுவும் டில்லியில். மாஸ்டர் அதற்கு முன்பே கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தபோது பீட்சா போடக் கற்றுக்கொண்டு, அதை நம் ஊர் அடுப்புக்குக் கொண்டுவந்தார்.

அந்த அடுப்பைச் சொல்லியே ஆக வேண்டும். செங்கல்லில் வளைத்துக் கட்டியது. மத்தியானம் உள்ளே விறகை அடுக்கி எரியவிட்டு, கங்குகளை வெளியே வாரிவிட்டு, தரையை ஈரச்சாக்கால் துடைப்பார். அப்புறம் ஒரு பிடி மைதாவை உள்ளே வீசிப் பார்ப்பார். உடனே கருகினால் சூடு அதிகம், பொறுக்க வேண்டும். மெல்லச் சிவந்தால் பதம். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மாவையே பார்த்துக்கொண்டு நிற்போம். சிவந்ததும் நீள மரத்துடுப்பில் தட்டு உள்ளே போகும்.

பீட்சா பிறந்த நேப்பிள்ஸிலும் விறகு அடுப்புதான் என்று பின்னால் படித்தேன். அங்கே தீ உள்ளேயே எரியும், ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். மாஸ்டர் கடையில் தீ கிடையாது, கல்லில் தங்கிய சூடுதான். நிதானமாக வேகும். அதனால் ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, அடியில் லேசான சாம்பல் வாசத்தோடு இருக்கும். மேலே சாஸ் ஊற்ற மாட்டார். தக்காளியும் பூண்டும் வரமிளகாயும் போட்டுச் சுண்ட வைத்த தொக்கு, அதன்மேல் வெங்காயம், குடைமிளகாய். அமுல் டின் சீஸைக் கேரட் துருவியில் துருவித் தூவுவார். அந்தச் சீஸ் நூல் நூலாக இழுபடாது. அங்கங்கே சிவந்து, பாலாடை மாதிரி படிந்திருக்கும். நாலாக வெட்டித் தினசரித் தாளில் சுற்றிக் கொடுப்பார். வீட்டில் அம்மா தன் பங்கின் ஓரத்தைப் பிய்த்து டீயில் தொட்டுச் சாப்பிடுவார்.

2008-இல் அந்த இடம் கைமாறியது. அடுப்பை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது.

என் மகள் ஆர்டர் பண்ணும் பீட்சாவை நானும் சாப்பிடுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கும் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் மாஸ்டர் செய்தது மதுரைப் பண்டம் இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜிகர்தண்டாவுக்குப் பேரே உருது. அதில் நன்னாரியும் பாதாம் பிசினும் சேர்ந்து எத்தனையோ காலமாக நம்முடையதாக இருக்கிறதே. மாஸ்டரின் தொக்கும் அப்படித்தான்.

பொங்கலுக்கு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். விளாங்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. தோள்பட்டை வலியில் கையை மேலே தூக்க முடியவில்லை. ஆனாலும் மாவு எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், மழைக்காலத்தில் ஈஸ்ட் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று ஒரு மணி நேரம் சொன்னார். "அடுப்பு மட்டும் இருந்தா இன்னைக்கும் போட்டுத் தருவேன்மா" என்றார்.

இவரைப் போன்ற பேக்கரி மாஸ்டர்கள் இந்த ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி உங்கள் இதழ் எழுத வேண்டும், அதுவும் சீக்கிரம். நிருபர் வருவதாக இருந்தால், விளாங்குடிக்கு நானே கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.