பெடல் ஸ்டீலுக்கு இரண்டு நெக் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

குமரி மாவட்டத்து ஆலயப் பாடகர் குழுக்களில் கீபோர்டும் டிரம்ஸும் என்றோ இடம்பிடித்துவிட்டன. மேசைபோல் கால்களில் நிற்கும் கருவி பெடல் ஸ்டீல் கிட்டார்; கம்பிமேல் 'பார்' என்ற எஃகுத் துண்டை நகர்த்தி, பெடலாலும் முழங்கால் லீவராலும் சுருதியை மாற்றி வாசிப்பது. அதையும் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இரட்டை நெக் (கம்பிகள் பூட்டிய பலகை இரண்டு உள்ள) கருவியின் அழகில் மயங்கிவிட வேண்டாம். பார்க்கக் கம்பீரம்தான். வாசிப்பவருக்கு அதில் பாதி வீண் பாரம்.

இரட்டை நெக்கில் எட்ட இருப்பது ஈ9 டியூனிங் (கம்பிகளைச் சுருதி சேர்க்கும் முறை), மடிப்பக்கம் இருப்பது சி6. நெக்குக்குப் பத்துக் கம்பி, கீழே பெரும்பாலும் எட்டு பெடல், பெட்டியோடு தூக்கினால் 30 கிலோவைக்கூடத் தாண்டலாம். சி6 ஸ்விங், ஜாஸ் வகைக்கு ஏற்றது. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் சி, ஈ, ஜியோடு ஏயும் ஒட்டிக்கொண்டு வரும். ஆலயத்தில் பாடும் பாமாலைக்கு அந்த ஆறாவது சுரம் அழையா விருந்தாளி.

நமக்கு ஈ9 ஒற்றை நெக், மூன்று பெடல், நான்கு முழங்கால் லீவர் தாராளம். ஜி மேஜரில் ஒரு பாமாலை என்று வையுங்கள். பாரை மூன்றாம் ஃபிரெட்டில் வைத்து 4, 5, 6 கம்பிகளை மீட்டினால் ஜி கார்டு. பாரை அசைக்காமல் ஏ, பி என்று பெயரிட்ட பெடல்களைச் சேர்த்து மிதித்தால் சி கார்டு. மிதித்த கால் மிதித்தபடி இருக்க ஐந்தாம் ஃபிரெட்டுக்கு நகர்ந்தால் டி. திரும்ப மூன்றுக்கு வந்து பி பெடலை விட்டு ஏயை மட்டும் பிடித்தால் ஈ மைனர். பாடுகிறவர் அரைக்கட்டை ஏற்றிக் கேட்டால் எல்லாமே ஒரு ஃபிரெட் மேலே, அவ்வளவுதான். பன்னிரண்டு கம்பியில் ஈ9, பி6 இரண்டையும் அடக்கிய யுனிவர்சல் நெக்கும் உண்டு. முதல் கருவியாக அது வேண்டாம். கம்பிகள் நெருக்கம், பி6 பக்கம் போக ஒரு லீவரைப் பிடித்தே இருக்க வேண்டும், அல்லது பூட்ட வேண்டும்.

பழைய கருவி வாங்கும்போது 'மூன்று பெடல்' என்ற சொல்லோடு நிற்காமல் வரிசையைக் கேளுங்கள். இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்றால் எம்மன்ஸ் முறை. சி, பி, ஏ என்றால் டே முறை. பட்டி எம்மன்ஸ், ஜிம்மி டே என்ற இரு கலைஞர்களின் பெயர்கள் இவை. ஒன்றில் பழகிய கணுக்கால் மற்றதில் தடுமாறும். சொல்லித்தருபவர் எந்த முறையோ அதையே வாங்குங்கள்.

அடுத்தது உள் அமைப்பு. ஆல்-புல் (சுருதியை ஏற்றுவதும் இறக்குவதும் இழுப்பாலேயே நடக்கும் வகை) கருவியில் பெடல் மிதிக்காத சுருதியை மேலே உள்ள முறுக்காணியில் சேர்த்துவிட்டு, மிதித்த சுருதியைப் பக்கவாட்டு நைலான் நட்டில் அதற்குரிய சாவியால் திருத்த வேண்டும். பழைய புல்-ரிலீஸ் வகையில் சில கம்பிகளுக்கு இது தலைகீழ். தெரியாமல் திருகினால் மாலை முழுக்கத் திருகிக்கொண்டே இருக்கலாம்.

அடிக்கடி அறுவது மூன்றாம் கம்பி. 0.011 அங்குலக் கம்பி ஜி ஷார்ப்பில் ஏற்கெனவே விறைத்து நிற்கும்; பி பெடல் அதை ஏ வரை இழுக்கும். சேஞ்சரின் (பெடலை மிதிக்கும்போது கம்பியை இழுக்கும் பகுதி) விரலில் வளையும் இடத்தில்தான் பெரும்பாலும் அறும். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் புதுக்கம்பியும் தங்காது, விரலை மெருகேற்ற வேண்டும். 0.011 மட்டும் ஆறு கம்பி கையிருப்பில் இருக்கட்டும். சாதாரண கிட்டார் செட்டை வாங்கி இதில் மாட்ட முடியாது.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஆலயங்களில் உப்புக்காற்றுக்கு முதலில் பலியாவது பெடலைச் சேஞ்சரோடு இணைக்கும் அடிப்பக்க இழுகம்பிகளும் சேஞ்சரும். வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். அசையும் மூட்டுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் தூசி சேர்ந்து பசையாகி, பெடலை விட்டபின் கம்பி பழைய சுருதிக்குத் திரும்பாது.

கீர்த்தனைகளைத் தனியாக வாசிக்கத்தான் ஆசை என்றால் பெடலே வேண்டாம். பெடல் கம்பியை நிர்ணயித்த சுரத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ரிஷபத்தை அசைக்கும் வேலை பாருடையது. மடியில் வைத்து வாசிக்கும், பெடல் இல்லாத ஆறு கம்பி லேப் ஸ்டீலை டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண காந்தாரம் வரும் ராகத்தில் எஃப் ஷார்ப்பை எஃபுக்கு இறக்கிவிடலாம்.

கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்டம்) பந்தல் அமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தக் கருவியின் நான்கு கால்களும் சமுக்காளத்தில் புதைந்தால் பெடல் தரையில் இடிக்கும். கீழே ஒரு பிளைவுட் பலகை போடுங்கள். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பதிலாக ஒரு ஸ்டூலும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை.