நூறு சுற்று, மூன்று நிமிடம்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள குமரனுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கு நலம். அங்கு அண்ணன், அண்ணி, ஆத்தா எல்லோர் நலமும் அறிய ஆவல்.

உன் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். “ஒரு ஆல்பம் கேட்டேன், பாட்டு பற்றிய நினைப்பே மாறிப்போச்சு என்று சொல்கிறார்களே, நானும் அதையெல்லாம் ஃபோனில் கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லையே?” என்று. ஆகாதுதான். முப்பது விநாடி கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினால் எந்த இசைத்தட்டும் ஒன்றும் செய்யாது. இந்த ஊரைச் சொல்கிறேன், கேள். தைப்பூசத்தன்று வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல். பந்தலுக்குப் பந்தல் வேறு பாட்டு. இரண்டுக்கும் நடுவே நின்றால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று கேட்கும். சாதாரண நாளில் லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் தெரு பக்கம் போனாலும் அதேதான். துணிக்கடையில் ஒரு பல்லவி, பக்கத்துக் கேசட் கடையில் வேறொரு சரணம். பாட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆனால் ஒரு பாட்டை முழுதாகக் கேட்க வேண்டுமென்றால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். உன் ஃபோனும் ஒரு மார்க்கெட் தெருதான்.

அதனால் பெயர்ப் பட்டியலை மட்டும் எழுதி அனுப்பாமல் மூன்று தட்டும் ஒரு பிளேயரும் கொடுத்தனுப்புகிறேன். தெரிந்தவர் ஒருவர் அடுத்த மாதம் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமானத்தில் வருகிறார். தட்டு கைப்பையில் வரும், பிளேயர் பெட்டியில் வரும். முதலில் பிளேயரைச் சரியாக வை. தட்டு அப்புறம்.

பிளேயர் ஜப்பான் சரக்கு. இங்கே பழைய சாமான் சந்தையில் கிடைப்பதில் பாதி அப்படித்தான். லோரோங் கூலிட்டில் காலையில் தரையில் பாய் விரித்துப் போட்டிருப்பார்கள். பூட்டு, கடிகாரம், செருப்பு, நடுவே ஒரு டர்ன்டேபிள். காசு கொஞ்சம்தான் கேட்பார்கள், ஆனால் அதற்குள் இரண்டு வில்லங்கம் இருக்கும். ஒன்று, ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். இங்கேயும் உனக்கும் 230. நேராகச் செருகினால் மோட்டார் புகைந்துவிடும். 230-ஐ 100 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் நாகப்பட்டினத்திலேயே கட்டிக் கொடுப்பார்கள். 50 வி.ஏ. போதும், டர்ன்டேபிள் தின்னும் மின்சாரம் அவ்வளவு குறைவு.

இரண்டாவது வில்லங்கம்தான் ஆளை ஏமாற்றும். ஜப்பானின் மேற்குப் பகுதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், கிழக்கில் 50. நமக்கும் மலேசியாவுக்கும் 50. பழைய பெல்ட் பிளேயர்களில் மோட்டார் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸைத் தொடாது. 60-க்குச் செய்த கப்பியோடு (மோட்டார் முனையில் பெல்ட்டைச் சுற்றவிடும் சின்னச் சக்கரம்) அதை இங்கே ஓட்டினால் ஆறு பங்கு வேகத்தில் ஒரு பங்கு போய்விடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டியது 28-க்கும் கீழே வரும். சுருதி மூன்று சுரத்தானத்துக்கும் சற்று அதிகமாக இறங்கும். பெண் குரல் ஆண் குரல் போலக் கேட்கும், தாளம் சோம்பும். கேட்பவர் “பழைய ரெக்கார்டிங், அப்படித்தான் இருக்கும்” என்று நினைத்துக்கொள்வார். பழி தட்டின் மேல் விழும். உனக்கு வரும் பிளேயருக்கு 50 ஹெர்ட்ஸ் கப்பி மாற்றியாயிற்று. இருந்தாலும் நீயே சோதித்துப் பார். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டு, ஊசியை இறக்கிப் பாட விடு, மூன்று நிமிடம் எண்ணு. சரியாக நூறு சுற்று வர வேண்டும். 83 வந்தால் கப்பி தப்பு. 97, 98 வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது அச்சில் எண்ணெய் வறண்டிருக்கிறது.

அடுத்தது ஊசி. ஊசிப் பாதுகாப்பு மூடியைக் கழற்று. ஊசி தட்டின் நடுப்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ‘ஆன்ட்டி ஸ்கேட்’ திருகைப் பூஜ்யத்தில் வை. ஊசியைத் தாங்கும் பிளேயரின் கைக்குப் பின்பக்கம் ஒரு எடைக்கல் இருக்கும். கை மேலேயும் போகாமல் கீழேயும் சாயாமல் தராசு முள் போல மட்டமாக மிதக்கும்வரை அதைத் திருகு. மிதந்ததும் கையைத் தாங்கியில் வைத்து, எடைக்கல்லை அசைக்காமல், அதன் முன்னால் இருக்கும் எண் வளையத்தை மட்டும் 0-வுக்குக் கொண்டுவா. பிறகு கல்லையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி 2-ல் நிறுத்து. இரண்டு கிராம். ஆன்ட்டி ஸ்கேட்டையும் 2-ல் வை. “எடை குறைந்தால் தட்டு தேயாது” என்று யாராவது சொன்னால் நம்பாதே. எடை போதாத ஊசி தட்டில் பாட்டு வெட்டிய பள்ளத்துக்குள் உட்காராமல் துள்ளும். பள்ளத்தின் சுவரை உடைப்பது அந்தத் துள்ளல்தான்.

பிளேயரின் வயரை அண்ணனுடைய ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) ‘ஆக்ஸ்’ என்ற துளையில் செருகாதே. கீச்சென்று, சன்னமாக, அடிச்சத்தமே இல்லாமல் கேட்கும். தட்டு வெட்டும்போது அடிக் குரலைக் குறைத்து மேல் குரலைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் அடிச்சத்தத்தின் அலை பக்கத்துப் பள்ளத்தைத் தின்றுவிடும். அதைத் திருப்பிச் சரிசெய்வது ‘ஃபோனோ’ என்று எழுதிய துளை. அது ஆம்பில் இல்லையென்றால் தனியாக ஒரு சின்னப் பெட்டி வாங்கு. ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அதைத் தூக்கிக் கொடுப்பதும் அந்தப் பெட்டிதான். கூடவே வரும் மெல்லிய ஒற்றை வயரை ஆம்பின் உலோகத் திருகில் கட்டு. கட்டாவிட்டால் ‘ம்ம்ம்’ என்று வண்டு சத்தம் ஓயாது.

பினாங்குத் தட்டு என்றால் பூஞ்சை இல்லாமல் இருக்காது. வருஷம் முழுக்கக் காற்றில் ஈரம். காகித உறையில் வைத்த தட்டில் வெள்ளைப் புள்ளி பூத்துவிடும், சந்தையில் கட்டைப் பிரித்தாலே மூக்கு சொல்லிவிடும். அனுப்புவதைக் கழுவித்தான் அனுப்புகிறேன். நீயும் கற்றுக்கொள், நாகப்பட்டினமும் கடற்கரைதானே. காய்ச்சி வடித்த தண்ணீர் 400 மி.லி., ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. நடு லேபிள் பத்து சென்டிமீட்டர் அகலம். அந்த அளவுக்கு எவர்சில்வர் டப்பா மூடி ஒன்றைக் கவிழ்த்து அழுத்திப் பிடித்துக்கொள், லேபிள் நனையக் கூடாது. மெத்தென்ற துணியால் பள்ளம் போகும் வாட்டத்திலேயே வட்டமாகத் துடை, குறுக்கே இழுக்காதே. பிறகு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரால் ஒருமுறை அலசு. குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது. நம் ஊர் உப்பு பள்ளத்துக்குள் காய்ந்து உட்கார்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பொரியும்.

ஒரு எச்சரிக்கை. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடிய ரஜுலா கப்பல் காலத்தில் தாத்தா கொண்டுவந்த 78 சுற்றுத் தட்டுகள் பரணில் இருக்கின்றன அல்லவா? அவை அரக்கு. இந்த ஆல்கஹால் பட்டால் கரைந்து போகும். அவற்றை இந்த ஊசியால் ஓட்டவும் கூடாது. 78-இன் பள்ளம் அகலம், அதற்கு ஊசி முனை சுமார் மூன்று மில் வேண்டும் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இதில் இருப்பது ஒரு மில்லுக்கும் குறைவு. பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் அது படிக்கும். ஆத்தாவிடம் சொல்லி அவற்றைப் பரணிலேயே விடு, ஆனால் படுக்கப் போட்டு அடுக்காமல் நிற்க வை.

இனித் தட்டுகளுக்கு வருகிறேன். முதலில் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் எம்.எஸ். சுப்ரபாதத்தைப் போடு. 1963-இல் வந்தது. அதை வைக்கச் சொல்வது உனக்காக இல்லை, பிளேயருக்காக. அண்ணிக்கு அந்தக் குரலின் சுருதி காதிலேயே ஊறியிருக்கும். எண்ணிக்கையில் தப்பியது அண்ணி காதில் மாட்டும்.

பிறகு நான் அனுப்பும் முதல் தட்டு, ‘சக்தி’ குழுவினுடையது. ஜான் மெக்லாக்லின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விநாயக்ராம் கடம், ஆர். ராகவன் மிருதங்கம். 1975-இல் மேடையில் பதிவானது, 1976-இல் வெளியானது. தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த உனக்கு இதுதான் சுலபமான வாசல். முதல் பாட்டே பதினெட்டு நிமிடம். இதில் ஒரு சங்கதியும் உண்டு. இரண்டாம் பக்கம் முழுதும் ஒரே உருப்படி, ஏறக்குறைய 29 நிமிடம். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சௌகரியமாக அடங்குவது இருபது, இருபத்திரண்டு நிமிடம். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், நெருக்கினால் சத்தத்தைக் குறைத்தாக வேண்டும். அதனால் அந்தப் பக்கத்துக்கு ஆம்பைக் கொஞ்சம் கூட்டி வை, பொரியும் சத்தமும் கூடவே கூடும். உள்வட்டம் நெருங்க நெருங்கக் கிதாரின் விளிம்பு கொஞ்சம் மங்கும். ஓரத்தில் விநாடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் ஓடிய பள்ளம் லேபிள் பக்கத்தில் இருபதுதான் ஓடுகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. பிளேயரில் கோளாறு என்று எதையும் திருகாதே.

இரண்டாவது, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) என்பவருக்கும் காணிக்கை. இதை நேராகப் போடாதே. முதலில் ஃபோனிலேயே பாக் எழுதிய மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் கொண்ட இசைக்கோவை) முதல் பகுதியைக் கேள், நாலு நிமிடத்துக்குள் முடியும். 1720-இல் எழுதியது. பக்கவாத்தியம் கிடையாது, ஒரே ஒரு வயலின். ஒரே கம்பி வாத்தியம் இரண்டு மூன்று ஆட்கள் பேசுவது போலக் கேட்கும். இரண்டு நாள் விட்டுத் தட்டைப் போடு. வி.எஸ். நரசிம்மனின் வயலினில் அந்த பாக் வரும் இடத்தில் ராஜா அதைச் சுற்றி என்ன கட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் கேட்கும். பாக்கைக் கேட்காமல் இதைக் கேட்பவர்கள் “நல்லா இருக்கு, ஆனா பாட்டு எங்கே?” என்பார்கள். நியாயமான கேள்விதான், அவர்களுக்கு எதிர்ப்பாட்டு, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு மெட்டு, கேட்கும் காது இன்னும் திறக்கவில்லை.

மூன்றாவது ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, 1959. ஜாஸ் என்றால் ஓட வேண்டாம். முதல் உருப்படி ‘சோ வாட்’. ஆர்மோனியத்தை எடு, இரண்டு கட்டையில் கரகரப்பிரியா வாசி. அந்த உருப்படியின் சுரங்கள் அவைதான். பதினாறு அளவு (நாலு எண்ணிக்கை ஒரு அளவு) அதில் நிற்கும், அடுத்த எட்டு அதே சுரங்களோடு அரைக் கட்டை ஏறி இரண்டரையில் நிற்கும், மறுபடி எட்டு இறங்கி நிற்கும். முப்பத்திரண்டு. இதை விரல்விட்டு எண்ணிக்கொண்டே ஒருமுறை கேள். ராகம் நம் ராகமில்லை, கமகம் தேடாதே. ஆனால் சில சுரங்களோடு நெடுநேரம் தங்கி, அவசரமில்லாமல் பேசுவது நமக்குப் புதிதில்லை. கடைசி உருப்படியில் ஐந்து சுர வரிசை. வாசிப்பவர் ஒவ்வொன்றிலும் வேண்டிய நேரம் தங்கிவிட்டு அடுத்ததற்குப் போவார். ராகமாலிகை கேட்ட காதுக்கு விளக்கவே வேண்டாம்.

வேகத்தைப் பற்றி இவ்வளவு நச்சரித்தேனே, இந்தத் தட்டே சாட்சி. 1959 மார்ச் 2 அன்று முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளைப் பதிவு செய்த டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியது. சரியான வேகத்தில் திருப்பிப் போட்டபோது எல்லாம் கூடுதல் சுருதியில் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் அப்படியே கேட்டது. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்களின் வாத்தியம் இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டது. அதே நாளில் சரியாக ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பிலிருந்து 1992-இல்தான் திருத்தினார்கள். உனக்கு வருவது திருத்திய பதிப்பு. ஆர்மோனியத்தோடு ஒத்துப் போகவில்லையென்றால் குற்றம் உன் பெல்ட்டில், அல்லது உன் ஆர்மோனியத்தில்.

கேட்கும் முறை ஒன்றே ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, ஊசியைத் தூக்காமல். ஒரே தட்டை ஒரு வாரம் போடு. மூன்றாம் நாள் சலிக்கும், அன்று விட்டுவிடாதே.

கட்டைப் பிரிக்கும்போது பயப்படாதே. தட்டு அட்டைக்கு வெளியே, பின்பக்கம் தனியாக இருக்கும். உள்ளேயே வைத்துக் கட்டினால் வழியில் ஆடி அட்டையின் விளிம்பைக் கிழித்துவிடும். வெயிலில், காரில், ஃபிரிட்ஜ் மேலே வைக்காதே, நெளிந்துவிடும்.

அண்ணனிடம் டிரான்ஸ்ஃபார்மரை இப்போதே சொல்லி வைக்கச் சொல். ஃபோன் செய்வதென்றால் உன் மணிக்கு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள். போன தடவை நீ இரவு பத்துக்கு அடித்தபோது இங்கே பன்னிரண்டரை.

மூன்று நிமிடத்தில் எத்தனை சுற்று வந்தது என்று முதலில் எழுது.

அன்புடன்,
சித்தப்பா